மிச்ச சிரப்பைத் தொடாதீர்கள்!

“போன மாசம் டாக்டர் கொடுத்த செஃபலெக்சின் சிரப் மிச்சம் இருந்தது. குழந்தைக்குச் சளி, அதையே கொடுத்துட்டேன்” என்றாள் ஓர் இளம் தாய். பயனில்லை, அம்மா!

1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில், சாக்கடை நீர் கடலில் கலக்குமிடத்தில் டாக்டர் ப்ரோட்ஸு கண்டெடுத்த பூஞ்சைக் காளானின் வழிவந்த மருந்து இது. (முகம் சுளிக்காதீர்கள்! எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய காளான்.) பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறது. அதைச் சரியாகக் கட்டவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது. சுவர் பலமிழந்து கிருமி வெடித்துச் சாகிறது. சாதாரண சளிக்குக் காரணமோ வைரஸ். அதற்குச் சுவரே கிடையாதே, எதை இடிப்பது?

போதாக்குறைக்கு, பவுடரில் தண்ணீர் கலந்துவிட்டால் சிரப்பின் வீரியம் சில நாள்தான். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பென்சிலினால் குழந்தைக்கு எப்போதாவது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால், டாக்டர் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரிகள் மாதிரி. ஒன்று ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது.