முதிர்ந்த ரப்பர் மரமும் அயல்நாட்டு நாற்காலி வியாபாரமும்

ரப்பர் மரம் நட்டு ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்துவிடுகிறது. பின்னர் அதனை வெட்டிப் புதுக்கன்று நடுவதே வழக்கம். இவ்விதம் வெட்டப்படும் மரம் விறகுக்கும் பெட்டிப் பலகைக்குமே உதவும் என்று எண்ணுவோர் கன்னியாகுமரி ஜில்லாத் தோட்டக்காரர்களில் இன்னும் சிலர் உளர். இவ்வெண்ணம் நஷ்டத்துக்கே ஏதுவாகும் என்பது எமது அபிப்பிராயம்.

மலேசியாவிலும் ஒரு காலத்தில் இம்மரம் அடுப்புக்கும் கரிச்சூளைக்குமே போயிற்று. 1980ஆம் ஆண்டுகள் முதல் அதனை மேஜை, நாற்காலி, கட்டில்களாகச் செய்து ஏற்றுமதி செய்யும் தொழில் அங்கு ஓங்கியது. ஜோகூரைச் சேர்ந்த மூவார் நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. அமெரிக்கா, ஜப்பான் முதலிய தேசங்களுக்கு இச்சாமான்கள் கப்பலேறுகின்றன. மரத்தின் வெளிர்நிறமும் வேலைக்கு இணங்கும் தன்மையும் மட்டுமன்றி, காட்டை அழிக்காமல் கிடைப்பது என்ற நற்பெயரும் அதற்கு விலை தேடித் தருகிறது.

அவ்விலையில் நமக்குரிய பங்கு கிடைக்க இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, காலதாமதமின்மை. இம்மரத்தில் மாச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. ஆதலால் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணத்தால் நீலக்கறை படியும், வண்டும் துளைக்கும். உடனே அறுத்து, வெங்காரமும் போரிக் காடியும் கலந்த நீரை அழுத்தத்தால் உள்ளேற்றி, சூளையில் உலர்த்தினால் பலகை கெடாது. ஆகவே அறுப்பாலையோடு நாள் பேசிக்கொள்ளாமல் கோடரி எடுப்பது தகாது.

இரண்டாவது, மரம் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி. காடுகளைப் பேணி எடுத்த மரத்துக்குச் சான்றளிக்கும் எஃப்.எஸ்.சி. என்ற சபை 1993இல் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டமோ மரச்சாமான்களையும் ரப்பரையும் ஒருங்கே கட்டுப்படுத்துகிறது. மரம் வளர்ந்த நிலம் 2020 டிசம்பர் 31ஆம் தேதிக்குப்பின் காடழித்துப் பெற்றதன்று என்பதையும், அந்நிலத்தின் இருப்பிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கோடும் காட்டவேண்டும் என்பது அதன் விதி. அச்சட்டத்தின் அமல் தள்ளிவைக்கப்பட்டதைக் கண்டு வாளாவிருத்தல் விவேகமன்று.

இச்செலவும் சிரமமும் சிறு தோட்டக்காரருக்குத் தாங்காது எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். தனியொருவருக்குத் தாங்காது என்பது மெய்யே. ஆனால் பலர் கூடி ஒரே சான்றிதழ் பெற அச்சபை வழி வைத்திருக்கிறது. கூடி நின்றால் அறுப்பாலைக்கு வேண்டிய அளவு மரத்தை ஒரே சமயத்தில் அளிக்கவும், நிற்கும் மரத்தை இடைத்தரகர் சொன்ன மொத்த விலைக்கு விட்டுவிடாமல் அளந்து விற்கவும் இயலும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் கடமை உண்டு. அடங்கலில் பயிரைப் பிழையின்றிப் பதிவதும், பட்டா மாறுதலைத் தாமதமின்றி முடிப்பதும் கடல்கடந்த வியாபாரத்துக்கு அடிப்படையான காரியங்கள். கணக்கு ஒழுங்காயிராவிடில், மரம் எவ்வளவு நல்லதாயினும் நேர்மையான வர்த்தகர் அதனை வாங்கத் தயங்குவார். ஆகவே, தோட்டக்காரர் ஒவ்வொருவரும் வெட்டுக்காலம் வருவதற்கு முன்பே சர்வே நெம்பர், நட்ட ஆண்டு, மரத்தொகை ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்வாராக.