விரிசலும் வேலைப்பாடுதான்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்து ஆலை முதலாளிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஜாவா தீவில் ஒரு பாத்திக் துணியை மெழுகால் வரைந்து சாயமேற்றி முடிக்க மாதக்கணக்கில் ஆகிறது. அதையே இயந்திரத்தில் செய்து மலிவு விலையில் ஜாவாவிலேயே விற்றால் என்ன? ஹார்லெம் நகரத்து ஆலையொன்று, மெழுகுக்குப் பதிலாகப் பிசினைத் துணியின் இருபுறமும் பூசும் இயந்திரத்தை உருவாக்கியது. காய்ந்த பிசின் நொறுங்கியது. விரிசல்களில் சாயம் புகுந்து, துணியெங்கும் நரம்பு நரம்பாகக் கோடுகள் ஓடின. ஜாவாக்காரர்களுக்கு அந்தத் துணி பிடிக்கவில்லை.

அதே வகைத் துணி இன்றைய கானாவான கோல்டு கோஸ்ட்டில் இறங்கியபோது கதையே மாறிப்போனது. ஒரு கெஜத்தில் விழுந்த கோடு அடுத்த கெஜத்தில் விழாது என்பதே அங்கே அதற்கு மவுசு சேர்த்தது. 1846-ல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அந்த விரிசலை வேண்டுமென்றே வரவழைத்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்கிறது.

ஜாவாக்காரர்கள் விரிசலை ஏற்காததற்கும் காரணம் உண்டு. அங்கே கையால் வரைபவர்களின் கருவி சந்திங்: சிறு கைப்பிடி, அதன் நுனியில் செப்புக் கிண்ணம், கிண்ணத்துக்கு வளைந்த மெல்லிய மூக்கு. உருகிய மெழுகை மொண்டு, மூக்கை ஊதி அடைப்பு நீக்கி, துணியில் இழுக்க வேண்டும். மெழுகு அதிகம் சூடேறினால் கோடு பரவிவிடும். ஆறிவிட்டால் நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். அந்த இடத்தில் சாயம் உள்ளே புகுந்துவிடும். கை ஒரு கணம் தயங்கினால் சொட்டு விழும். விழுந்த சொட்டைச் சுத்தமாக எடுப்பது எளிதல்ல. ஆகவே பிசிறில்லாத கோடு என்பது அங்கே பல வருடப் பழக்கத்தின் அடையாளம். அப்படிப்பட்ட தேர்ந்த கையிலும்கூட ஒரு புள்ளி இன்னொரு புள்ளியைப் போல அமைவதில்லை. செப்பு அச்சால் மெழுகு ஒற்றிய துணியிலிருந்து கைவரைவைப் பிரித்துச் சொல்ல, விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பதும் அந்தச் சிறு வேறுபாடுகளைத்தான். இந்தோனேசிய பாத்திக் 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதற்குப் பின்னால் இருப்பதும் இத்தகைய கைகளே.

விரிசலும் தானாக நேர்வதல்ல. தேன்மெழுகு வளைந்துகொடுக்கும், பாரஃபின் மெழுகு எளிதில் நொறுங்கும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது, துணியை எவ்வளவு கசக்குவது, எந்தச் சாயத்தில் எத்தனை முறை முக்குவது என்பதெல்லாம் கலைஞரின் தீர்மானம். கோடு எந்த வழியில் ஓடும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. அந்தச் சிறு சுதந்திரத்தைத் துணிக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்தவருக்கே பாத்திக் வசப்படும். புதிதாகக் கற்பவர்கள் ஒரு சொட்டு தவறி விழுந்ததுமே துணியை ஒதுக்கிவிடுவது வீண். சொட்டை ஒட்டி நாலு சொட்டு வைத்தால் அது பூவாகவோ கொடியாகவோ வடிவத்துக்குள் சேர்ந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கலை அந்நியமல்ல. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966-ல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, ஓவியர்கள் பாத்திக் செய்து விற்ற பணம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஓவியத்தை வாங்க ஆளில்லாத காலத்தில் மெழுகும் சாயமும் சோறு போட்டன.

இன்றைய கடைகளில் நடப்பதுதான் வருத்தம் தருகிறது. விரிசல் கோடுகளையே அச்சடித்த நைட்டியும் சேலையும் பாத்திக் என்ற பெயரில் குவிகின்றன. அவற்றில் கோடுகள் சில அங்குலத்துக்கொரு முறை அப்படியே திரும்பி வருவதை யாரும் கவனிப்பதில்லை. உண்மையான மெழுகுத் துணியை எடுத்தால் மட்டும், “இந்த ஓரம் அந்த ஓரம் மாதிரி இல்லையே” என்று விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். இயந்திரத்தின் சீரை அளவுகோலாக வைத்துக் கைவேலையை அளப்பது அநியாயம்.

எல்லாக் குறையையும் அழகு என்று ஏற்க வேண்டியதில்லை. முதல் சலவையிலேயே வெளுக்கும் சாயம், முழுதும் அகற்றாமல் விட்ட மெழுகுப் பிசுக்கு, மெழுகு சரியாக இறங்காததால் வடிவமே கலங்கிப்போன பூ, இவையெல்லாம் வேலையில் அக்கறையின்மை. அவற்றைத் தாராளமாகத் திருப்பிக் கொடுக்கலாம். பாத்திக் வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள்; பின்புறமும் நிறம் ஏறியிருக்கிறதா, கோடுகள் ஒன்றுபோல் திரும்பி வராமல் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், கோணிய கோட்டைக் காட்டிப் பேரம் பேசாமல் முழு விலையைக் கொடுங்கள்.