விலை கொடுத்தோம், உரிமை வந்ததா?

சிறுதொழில் நடத்தும் ஒருவர், தம் பொருள்களைப் பற்றிய கையேடு ஒன்றை வெளியாளர் ஒருவரிடம் எழுதி வாங்குகிறார். பேசிய தொகையைக் கொடுத்துவிட்டார். ரசீதும் கையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் அதையே இந்தியில் மொழிபெயர்த்து வெளியிட முனைகையில், எழுதியவர் தம் அனுமதி வேண்டும் என்கிறார். தொழில்முனைவோருக்கு வியப்பு, சற்றே சினமும்கூட. ஆயினும் சட்டம் எழுதியவர் பக்கமே நிற்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. ஊதியம் பெறும் ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லையெனில், நிறுவனத்தைச் சேரும். பணம் கொடுத்து எடுப்பித்த திருமண நிழற்படமும் அவ்வாறே, எடுப்பித்தவரைச் சேரும். ஆனால் வெளியாளரிடம் பெற்ற எழுத்தும் மென்பொருளும் அப்படியன்று. அவற்றின் உரிமை மாற, கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டுகள் மட்டுமே செல்லும். இடம் குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

இவ்விதி வணிகருக்கு இடையூறு என்பார் உளர். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒரு படைப்பு பின்னாளில் என்ன பெறும் என்பதை, அன்றைய வாடகைக்காகக் கையெழுத்திடுபவர் எங்ஙனம் கணிப்பார்?

முழு உரிமையையும் கொடுத்த பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. புது தில்லி விஞ்ஞான் பவனுக்கென 1957இல் மத்திய அரசு சிற்பி அமர்நாத் சேகலிடம் வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்றை ஒப்படைத்தது. பல ஆண்டு உழைப்பில் உருவான அது, 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கையில் அவரைக் கேளாமலே பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கிற்குச் சென்றது, சிதைவும் உற்றது. சேகல் வழக்குத் தொடுத்தார். பணம் கொடுத்தது அரசு, ஒப்பந்தப்படி பதிப்புரிமையும் அரசுடையது. எனினும் படைப்பின் மாண்பைக் காக்கும் உரிமை படைத்தவரை விட்டு நீங்குவதில்லை என்று 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அப்போது சிற்பிக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

நீதிமன்றப் படியேறாமல் இருக்க ஒரு தாள் போதும். எந்தப் படைப்பு, எவ்வெவ்வகைப் பயன்பாடு, எத்தனை ஆண்டு, எந்நாடுகள், எவ்வளவு தொகை, மொழிபெயர்க்கலாமா, திருத்தலாமா என்பவற்றை அதில் எழுதி இருவரும் ஒப்பமிடலாம். பழகியவரிடம் எழுத்து கேட்பது அழகன்று என்று நம்மவர் தயங்குகின்றனர். கடன் பத்திரத்தில் கையெழுத்திட அவர்கள் ஒருபோதும் தயங்கியதில்லை!

எழுத்தாளர் குடும்பங்களுக்கும் ஒரு சொல். நூலின் உரிமை அதன் ஆசிரியர் மறைந்த பின்னரும் அறுபது ஆண்டுகள் நீடிக்கிறது. ஏனைய சொத்துகளைப் போல் வாரிசுகளுக்குச் சேர்கிறது. வீடு, நகை, வைப்புத்தொகை எல்லாம் இடம்பெறும் உயிலில் அதற்கும் ஒரு வரி எழுதலாம்.