டயல் பூட்டும் இணையத் தொலைபேசியும்

சுழல் டயல் தொலைபேசிகள் இருந்த காலத்தில் இந்தியக் கடைகள் பலவற்றில் டயலின் துளையொன்றில் சிறு பூட்டு தொங்கும். முதலாளி வெளியே சென்றால் சாவியும் உடன் சென்றுவிடும். ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை எண்ணுக்கேற்பத் தட்டி அப்பூட்டை ஏமாற்றத் தெரிந்தவர்களும் இருந்தனர். ஆயினும் திருட நினைத்தவர் அந்த அறைக்குள் வந்தாக வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு மட்டுமே செய்ய முடியும். திருட்டுக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. இணையத் தொலைபேசி நீக்கியது அந்த எல்லையைத்தான். சிறு நிறுவனங்களின் தொலைபேசிப் பாதுகாப்பு குறித்த விவாதம் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பம் அடிப்படையில் எளியவர்களுக்குச் சாதகமானது. 1999இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர், தம் சிறு நிறுவனத்துக்கு பிபிஎக்ஸ் வாங்கப் போதிய பணமின்றி, சாதாரணக் கணினியையே தொலைபேசி இணைப்பகமாக மாற்றும் ‘ஆஸ்டரிஸ்க்’ மென்பொருளை எழுதினார். அதைக் கட்டற்ற மென்பொருளாகவும் வெளியிட்டார். பெருநிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த வசதி பத்து மேசைகள் கொண்ட பயிற்சி நிலையத்துக்கும் சரக்குப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் சிறு மருத்துவமனைக்கும் எட்டியது. “விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்” என்னும் குரலுக்குப் பின்னால் இன்று பெரும்பாலும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கணினிதான் இருக்கிறது.

சிக்கல் அந்த மூலையில்தான் உள்ளது. பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தது. பழுதானால் மெக்கானிக் வருவார். புதிய இணைப்பகம் ஒரு சர்வர். அது பழுதாகாத நாளிலும் கவனிப்பைக் கோருகிறது. நிறுவித் தந்தவர் ஒரு முறை பணம் பெற்றுச் சென்றுவிடுகிறார். இணைய நிறுவனம் தன் பொறுப்பு இணைப்பு வரைதான் என்கிறது. உரிமையாளருக்கு மணி அடித்தால் போதும். மூவரும் தத்தம் நிலையில் நியாயமானவர்களே. ஆயினும் மூவருக்கும் நடுவில் இணைப்பகம் அநாதையாகிறது.

அந்த அநாதைப் பெட்டியை உலகெங்கும் தானியங்கி நிரல்கள் இடைவிடாது தேடிக்கொண்டிருக்கின்றன. இணையத் தொலைபேசிகள் அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படுத்தும் நெறிமுறை எஸ்ஐபி எனப்படும். அதன் வழக்கமான வாசல் 5060 என்னும் போர்ட். அது திறந்திருந்தால் நிரல் முதலில் 100, 101, 1001 என எக்ஸ்டென்ஷன் எண்களை ஊகிக்கும். பிறகு அதே எண்ணையே கடவுச்சொல்லாக இட்டுப் பார்க்கும். உள்ளே நுழைந்ததும் ஒட்டுக்கேட்பது அதன் முதல் நோக்கமன்று. கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளைக் குவிப்பதே நோக்கம். அழைப்பை ஏற்கும் எண்ணுக்குரியவருக்குக் கட்டணத்தில் பங்கு கிடைக்கிறது. அந்த எண்ணை வைத்திருப்பவர் மோசடியின் கூட்டாளி.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளைவின் அளவு புரியும். ஒரே நேரத்தில் 30 அழைப்புகள், நிமிடத்துக்கு 20 ரூபாய், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எனக் கொண்டால், 14,400 நிமிடங்கள், 2,88,000 ரூபாய். இத்தகைய மோசடிகள் இரவையும் நீண்ட விடுமுறையையும் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. பத்துப் பேருக்குச் சம்பளம் தரும் நிறுவனத்துக்கு இது ஒரு மாதச் சம்பளப் பணம்.

வலுவான கடவுச்சொல் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. செக் பாயிண்ட் நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, ஆஸ்டரிஸ்க்கை நிர்வகிக்கப் பயன்படும் ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளின் ஒரு குறைபாட்டின் வழியாக ஏறத்தாழ 1,200 நிறுவனங்கள் குறிவைக்கப்பட்டன. அக்குறைபாடு நிர்வாகப் பக்கத்துக்குள் கடவுச்சொல்லே இன்றி நுழையவிட்டது. அதற்கான திருத்தம் 2019லேயே வெளிவந்துவிட்டது. அதை நிறுவ ஆள் இல்லை என்பதே உண்மையான குறைபாடு.

செய்ய வேண்டியவை அரிய கலைகள் அல்ல. நிர்வாகப் பக்கமும் 5060 வாசலும் பொது இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது. வெளியூரிலிருந்து பணியாற்றுவோர் விபிஎன் வழியாக வரலாம். ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனுக்கும் நீண்ட, ஊகிக்க இயலாத தனிக் கடவுச்சொல் வேண்டும். மேசைத் தொலைபேசிகள் ஆலையிலிருந்து கொண்டுவரும் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். தவறான முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்டூபேன் உதவும். ஆனால் ஆயிரம் முகவரிகளிலிருந்து ஒவ்வொரு முயற்சியாக வரும் தாக்குதலுக்கு அது முழு விடையன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டு அழைப்பு இயல்பிலேயே மூடப்பட்டிருக்க வேண்டும். தேவைப்படும் நாடுகளை மட்டும் திறக்கலாம். ஒரே நேர அழைப்புகளின் எண்ணிக்கைக்கும் நாள் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும். முந்தையவை திருடரைத் தடுப்பவை. இறுதியானவை தடுப்பு தோற்றாலும் இழப்பைச் சுருக்குபவை. டயல் பூட்டின் காலத்து எல்லையை மீட்டுத் தருபவை இவையே.

மேகச் சேவைக்கு மாறிவிட்டால் இத்தொல்லை இல்லை என்னும் வாதம் பாதி உண்மை. சர்வரைப் புதுப்பிக்கும் கடமை சேவையாளரிடம் செல்கிறது. எக்ஸ்டென்ஷன் கடவுச்சொல்லும் அனுமதிகளும் நிறுவனத்திடமே தங்குகின்றன. சேவையாளர்களும் தவறாதவர்கள் அல்லர். 2023 மார்ச்சில் த்ரீசிஎக்ஸ் நிறுவனத்தின் கணினிச் செயலிக்குள்ளேயே தீநிரல் புகுத்தப்பட்டு, முறையான புதுப்பிப்பாகவே வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. பொறுப்பை இடம் மாற்றலாம், அது மறைந்துவிடுவதில்லை.

எனவே இது தொழில்நுட்பக் கேள்வி என்பதைக் காட்டிலும் பொறுப்பைப் பங்கிடும் கேள்வி. இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பதிவேடுகளை 180 நாள்கள் பேணவும் கோருகிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் வரை கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. தெரிவிக்கும் கடமை தெளிவாக இருக்கிறது. அந்த ஆணை இழப்பைப் பங்கிடுவதில்லை.

வங்கித் துறை இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத மூன்றாம் தரப்பு மோசடியில், 3 வேலை நாள்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது. அவரது கவனக்குறைவால் நேர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. அதன் பிறகானது வங்கியுடையது. கவனக்குறைவுக்கு விலை உண்டு, அதற்கு எல்லையும் உண்டு என்பதே அதன் நியாயம். தொலைபேசிச் சேவையிலும் இந்நியாயம் பொருந்தும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து நள்ளிரவில் திடீரென வெளிநாட்டு அழைப்புகள் பெருகுவதை முதலில் காணக்கூடியவர் சேவையாளரே. கண்டும் நிறுத்தாமல் மாத இறுதியில் முழுத் தொகைக்கும் பில் அனுப்புவது முறையாகாது.

உரிமையாளர் கடவுச்சொல்லைக் காக்கட்டும். நிறுவித் தருபவர் மூடிய நிலையிலேயே ஒப்படைத்து, புதுப்பிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் செய்யட்டும். சேவையாளர் உச்சவரம்பை இயல்பாகவே விதிக்கட்டும். பொறியியல் கல்லூரிகளின் நெட்வொர்க் பாடத்திட்டங்களிலும் ஒரு பத்து மேசை இணைப்பகத்தை நிறுவி, ஓராண்டு பராமரிக்கும் பயிற்சிக்கு இடம் வேண்டும். நிறுவக் கற்றவர்கள் பலர். நிறுவியதைப் பேணக் கற்றவர்களே தேவைப்படுகிறார்கள்.