அட்டையில் வாள்... உள்ளே வாய்க்கால்!



"மலருக்குக் கட்டுரை எழுதப்போறியா? என்ன, 'மாணவர்களும் ஒழுக்கமும்'தானே?" என்று ரூம்மேட் கேட்டான். இல்லை சாமி! நான் எழுதப்போவது வீடியோ கேம் அட்டைப்படத்தைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன். (பெயர் சொன்னால் மெஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்க மாட்டான்.) ஊர் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எல்லோரும் அட்டென்டன்ஸ் சாப்ட்வேரும் லைப்ரரி சாப்ட்வேரும் செய்துகொண்டிருந்தபோது இவன் மட்டும் ஒரு கேம் செய்தான். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கிறார்கள். தண்ணீர் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. நாம் ஷட்டரை ஏற்றி இறக்கி, முறை வைத்து, மேல்மடைக்காரர் சண்டைக்கு வராமல், கடைமடையில் நாற்று காய்வதற்குள் தண்ணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அவ்வளவுதான் கேம். துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது. ஆனால் ராத்திரி 2 மணி வரைக்கும் எங்கள் பிளாக்கில் ஒருத்தனும் தூங்கவில்லை!

அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எத்தனை நாள் பாக்கி என்று திரையில் எண்ணே வராது. நாற்றின் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். அப்புறம் நுனி மஞ்சளாகும். அப்புறம் வயலில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பைத் தன் வீட்டு வயலை செல்போனில் படம் எடுத்து, அதன் மேல் கோடு இழுத்து வரைந்திருக்கிறான். ஒரு வசனம் இல்லாமல் வயிற்றைக் கலக்கிவிடும். கதை சொல்வது என்றால் இதுதானே?

இப்படிப்பட்டவன் அட்டைப்படத்துக்கு என்ன செய்தான் தெரியுமா? ஏ.ஐ.யிடம் நாலு வரி டைப் அடித்து ஒரு படம் வாங்கினான். சட்டையில்லாத ஒரு வீரன், கையில் வாள், பின்னால் நெருப்பு, பக்கத்தில் யானை, தூரத்தில் கோயில். "வாய்க்கால் எங்கடா?" என்றேன். "வாய்க்காலைப் போட்டா எவன்டா டவுன்லோட் பண்ணுவான்? வாளைப் போட்டாத்தான் தொடுவான்" என்றான்.

பொங்கல் லீவில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் அப்பாயி அந்தப் படத்தைப் பார்த்தது. "இது எந்த ஊரு கோயிலு தம்பி?" "நம்ம தஞ்சாவூர் பெரிய கோயிலுதான் அப்பாயி." "போடா, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு!" அப்பாயி சொன்னது சரி. நம்ம பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல், அடுக்கு அடுக்காகக் குறுகி நேர்க்கோட்டில் ஏறும். படத்தில் இருந்ததோ வடநாட்டுக் கோயில் மாதிரி வளைந்து போகும் சிகரம். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம், நாலு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அட்டையில் பொய் சொல்வது அவன் கண்டுபிடித்ததல்ல, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 1977ல் வந்த அட்டாரி 2600 கேம்களில் திரையில் தெரிவது நாலு கட்டமும் ஒரு புள்ளியும்தான். டப்பாவில் மட்டும் கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் பெரிய சினிமா பேனர் கணக்கில் வரைந்திருப்பார்கள். அந்தப் பொய்யை நான் மன்னிப்பேன். அந்தப் புள்ளியை விமானமாக நினைத்துக்கொள்ள அந்த ஓவியம்தான் பையன்களுக்குக் கைகொடுத்தது. 1987ல் வந்த மெகா மேன் கதை வேறு. உள்ளே கையே பீரங்கியாக இருக்கும் குட்டி நீல ரோபோ. அமெரிக்க அட்டையில் கைத்துப்பாக்கியோடு நடுவயது ஆசாமி ஒருத்தர், வயிற்றுவலிக்காரர் மாதிரி நிற்பார்! இன்றுவரை உலகம் சிரிக்கிறது.

எனக்கு நெருக்கமானது 2001ல் வந்த இக்கோ. அதை உருவாக்கிய ஃபுமிட்டோ உயெடா அட்டையையும் தானே வரைந்தார். இத்தாலிய ஓவியர் டி கிரிகோவின் பாணி. பெரிய வளைவுகள், நீண்ட நிழல், நடுவே எறும்பு மாதிரி இரண்டு பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். மொத்த கேமும் அந்தக் கைப்பிடிதான். ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அந்த அட்டை போனது. அமெரிக்காவுக்கு மட்டும் பையனை முன்னால் நிறுத்தி வேறு ஒன்று போட்டார்கள். 'அப்பத்தான் தொடுவான்' என்று யாரோ ஒருத்தர் அங்கேயும் சொல்லியிருப்பார் போல!

அவ்வளவு தூரம் போவானேன்? பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதைச் சுவரில், நாயக்கர் காலப் படங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே எல்லோரையும் விடுவதில்லை. நான் புகைப்படத்தில்தான் பார்த்தேன். சுந்தரர் கதை. கீழே கல்யாணச் சமையல் நடக்கிறது. குடையும் ஓலையுமாக ஒரு கிழவர் வந்து "இவன் எனக்கு அடிமை" என்று வழக்குப் போடுகிறார். மேலே போனால் அதே சுந்தரர் வெள்ளை யானையில், சேரமான் பெருமாள் குதிரையில், கயிலாயத்துக்குப் போகிறார்கள். ஒரே சுவரில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறார். லெவல் ஒன், லெவல் டூ என்று நாம் சொல்வதை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வரைந்து வைத்திருக்கிறார்கள். அதிலும் கல்யாணத்தைக் காட்ட அடுப்படியைக் காட்டினான் பாருங்கள், அந்த ஓவியன் நம்ம ஆளு!

அடுப்படி என்றதும் வெண்பா ஞாபகம் வருகிறது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. 1980களில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன படிகளை நாம்தான் யோசித்து இட்லியும் புட்டும் செய்யணும். மகன் மெல்ல மெல்லத் தமிழை விட்டு நகர்கிறான். 2024ல் பாஃப்டா விருது, அறிமுக கேம் பிரிவில் அதற்குக் கிடைத்தது. வாள் இல்லை நண்பர்களே, இட்லிப் பானை! புனேக்காரர்கள் செய்த ராஜி (2020) சண்டை கேம்தான், ஆனால் மலைநாட்டு பஹாரி ஓவியத்தைப் பார்த்து நிறம் எடுத்தார்கள்.

எனக்கு உறைத்தது இன்னொன்று. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் 2022ல் ராஜேந்திர சோழனுக்கென்றே ஒரு கதைத்தொடர் சேர்த்தார்கள். 2025ல் வந்த சிவிலைசேஷன் 7இல் சோழர் ஒரு நாகரிகம், பெரிய கோயில் ஓர் உலக அதிசயம். கடல் தாண்டி இருக்கிறவன் நம் விமானத்தைப் பார்த்து வரைகிறான். ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிற நாம் மெஷினிடம் கேட்டு வாங்குகிறோம்.

நண்பன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. இப்போது அட்டை என்பது போனில் கட்டைவிரல் நகம் அளவு ஐகான். அதில் வாயைப் பிளந்து கத்துகிற முகங்களுக்கு நடுவே நாற்றங்கால் எடுபடுமா? "நீ வரைஞ்சு காட்டு, அப்புறம் பேசு" என்றான். வரைந்தேன். வெடித்த வயல், அதன் ஓரமாக ஒரு நூல் தண்ணி உள்ளே வருகிறது. பெரிதாகப் பார்த்தால் அழகு. நகம் அளவுக்குச் சுருக்கினால் யாரோ டீயைக் கொட்டிய மாதிரி இருந்தது. தோற்றுப்போனேன்!

ஐந்தாம் நாள் அவனே வந்தான். பெரிய கோயிலுக்குப் போய், புல்தரையில் உட்கார்ந்து விமானத்தை மூன்று மணி நேரம் வரைந்திருக்கிறான். அந்தக் கோயிலையும் நெருப்பையும் எடுத்தாச்சு. யானையும் போச்சு. வீரனை மட்டும் விட மனசில்லை. கையிலிருந்த வாளை அழித்துவிட்டு மம்பட்டியைக் கொடுத்து, முழங்கால் வரை சேற்றில் நிறுத்திவிட்டான். நகம் அளவிலும் அது மம்பட்டிதான் என்று தெரிகிறது.

சிக்ஸ் பேக் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த வாரம் சண்டை போடலாம் என்று ஒத்திவைத்திருக்கிறோம்.

— மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் துறை