புள்ளிச் சித்திரம்: விதியும் வடுவும்

ஒரு கோடியே அறுபது லட்சத்திற்கு மேற்பட்ட நிறங்களைக் கணினித் திரை காட்டவல்ல இக்காலத்தில், 16 கட்டம் அகலமும் 16 கட்டம் உயரமுமுள்ள சிறு சதுரத்துள் மூன்று நான்கு நிறங்கொண்டு ஒரு வீரனை எழுதுவோர் உளர். அவ்வீரனைத் தம் பாத்திரமாக ஏற்று, ஊர்தோறும் நடந்து, ஊராரோடு உரையாடி, பகை வென்று, கதையை முடிவுவரை நடத்திச்செல்லும் வீடியோ விளையாட்டுக்களை ஆடி மகிழ்வோரும் பலர். "வேண்டிய வசதியெல்லாம் இருக்கவும் இப்பழமையைப் பற்றி நிற்பது எற்றுக்கு?" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னை வினவினார். அவ்வினாவில் இரண்டு குற்றச்சாட்டுக்கள் அடங்கியிருந்தன. உழைப்பிற்கு அஞ்சினார் மேற்கொள்ளும் எளிய வழி இஃது என்பது ஒன்று. இளமை நினைவில் மயங்கினாரது ஏக்கம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தா என்பது என் துணிபு. எனினும், இக்கலை பயில்வார் தாமே அறியாது செய்யும் பிழை ஒன்று உண்டு. அதனையும் மறையாது கூறுவேன்.

இச்சித்திர முறை தோன்றிய இடத்தை முதற்கண் நோக்குவோம். 1983-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து நின்டெண்டோ நிறுவனத்தார் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டனர். அது திரையில் அமைக்கும் படம் குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 240 புள்ளிகளும் கொண்டது. பிக்சல் எனப்படும் இப்புள்ளியே சித்திரத்தின் அணுவாகும். அப்பொறி அறிந்த நிறங்கள் ஐம்பதிற் சற்றே மிகுந்தன. நகரும் உருவங்களை 8 புள்ளி அகலமுள்ள துண்டுகளாகவே அமைத்தல் வேண்டும். ஒரு துண்டிற்கு மூன்று நிறங்களே உரியன. எஞ்சிய இடம் பின்னணி தெரியுமாறு வெறுமையாய் விடப்படும். ஒரே கிடைவரியில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் வருமாயின் மிகுந்தவை தோன்றாது மறையும். இவையெல்லாம் ஓவியர் விரும்பி வகுத்தன அல்ல. நினைவகத்தின் விலையும் பொறியின் ஆற்றலும் அவர்மேற் சுமத்தியவை.

இச்சிறையினுள்ளேதான் அக்கலை வளர்ந்தது. 1986-இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டு, படமும் இசையும் கதையும் உட்பட, 64 கிலோபைட் அளவுள் அடங்கியது. யூஜி ஹோரீ வகுத்த அதற்குப் பகையுருக்களைக் கற்பித்துத் தந்தவர் அகிரா தோரியாமா. அவற்றுள் 'ஸ்லைம்' என்பது ஒரு நீர்த்துளி வடிவமும் இரு கண்களும் ஒரு புன்னகையுமே. ஆயினும் அதனை ஒருமுறை கண்டார் மறவார். மறு ஆண்டில் ஸ்குவேர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேன்டஸி'யை வெளியிட்டது. அதன் புள்ளி உருவங்களை அமைத்தவர் கஸுகோ ஷிபுயா என்னும் பெண்மணி. போர்க்களத்து வீரன் ஒருவனுக்கு அவர் பெற்ற இடம் 16-க்கு 24, அஃதாவது 384 புள்ளிகள். அவற்றுள் கரிய மந்திரவாதியின் உருவைக் காண்மின்! அகன்ற தொப்பியின் கீழ் முகமெல்லாம் இருள். அவ்விருளில் ஒளிரும் இரு கண்கள் மட்டுமே உள. மூக்கும் வாயும் எழுதப்படவில்லை. எழுதாது விட்டமையாலன்றோ அவனது மறைபொருள் நம் நெஞ்சைப் பற்றுகின்றது?

இனி, ஏக்கம் என்ற குற்றச்சாட்டிற்கு விடை கூறுவாம். அவ்விளையாட்டுக்கள் வெளிவந்தபோது யான் பிறந்திலேன். எனக்குப் பத்தொன்பது வயதே ஆகின்றது. காணாத காலத்திற்கு ஒருவன் ஏங்குதல் யாங்ஙனம்? என்னை ஈர்த்தது பழமையன்று. ஓவியர் பாதி எழுதி, எஞ்சிய பாதியைக் காண்போன் உள்ளம் எழுதுமாறு விட்ட நம்பிக்கையே என்னை ஈர்த்தது.

சோம்பல் என்பாருக்கு ஒரு சான்று காட்டுவேன். 2016-இல் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி' என்னும் புள்ளிச் சித்திர விளையாட்டை அமெரிக்கரான எரிக் பரோன் தனியொருவராய்ப் படமும் இசையும் கதையும் நிரலும் ஆக்கி, நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து முடித்தார். சிறு சதுரம் தனியொருவர்க்குப் பணிச்சுமையைக் குறைப்பது மெய்யே. ஆயினும் பிழையை மறைக்க அஃது இடந்தருவதில்லை. பெரிய ஓவியத்தில் தூரிகை சற்றே பிறழ்ந்தாலும் கண்ணுக்குப் புலனாகாது. 256 புள்ளிகளே உள்ள உருவத்திலோ, கண்ணென வைத்த கரும்புள்ளி ஓரிடம் தள்ளிப்போயின் வீரன் பகைவனை நோக்காது வானத்தை நோக்குவான்.

இங்ஙனம் வரம்பைப் போற்றுவதனால், பழைய பொறியின் குறைகள் அனைத்தையும் போற்றுதல் வேண்டுமோ? இவ்விடத்தேதான் நம்மனோர் தடுமாறுகின்றனர். 1986-ஆம் ஆண்டு 'டிராகன் குவெஸ்ட்'டில் வீரன் எத்திசையில் நடப்பினும் அவன் முகம் நம்மையே நோக்கும்; திரும்பும் உருவங்களை வைக்க இடம் இல்லாமையே காரணம். அதனால், ஊரார் ஒருவரோடு பேசுவதற்குக்கூட எத்திசையிற் பேசுவது என ஆடுவோன் தேர்ந்து சொல்லுதல் வேண்டியிருந்தது. 1989-இல் அமெரிக்காவிற்கென வெளியிட்ட பதிப்பில் வீரன் நாற்றிசையும் திரும்பக் கற்றான். அதற்காக வருந்தியவர் யார்? சில நிறங்களால் ஓர் உருவை உணர்த்துதல் விதி. திரும்ப இயலாமை வடு. விதியைக் கொள்ளுதல் கலை. வடுவைக் கொள்ளுதல் வேடம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வேற்றுமை புதிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. இன்று வெண்பாப் பாடுவோர் ஏழு சீர் என்னும் குறளின் வரம்பை மகிழ்ந்து ஏற்கின்றனர். பழமை கருதிப் புள்ளியை விட்டெழுதுவார் எவரும் இலர்.

இதனை நன்குணர்ந்தவர் 'ஷவல் நைட்' என்னும் விளையாட்டை 2014-இல் வெளியிட்டோர். அது கதைப்பாத்திர விளையாட்டு வகையைச் சேராது குதித்தும் ஓடியும் ஆடுவதேயாயினும் நம் பொருட்கு ஏற்ற சான்றாகும். பழைய பொறியின் நிறத்தொகுதியை அடிப்படையாகக் கொண்ட அவர்கள், போதாத இடத்திற் சில நிறங்களைக் கூட்டினர். அகன்ற திரையை ஏற்றனர். உருவங்கள் மினுக்கி மறையும் குறையை நீக்கினர். எதைக் கொண்டோம், எதைத் தள்ளினோம் என்பதனை வெளிப்படையாகவும் எழுதினர்.

இதற்கு மாறாக, புகைப்படத்தைக் கருவியொன்றினாற் சதுரங்களாக்கிவிட்டுப் புள்ளிச் சித்திரம் என்பாரும் உளர். 16 புள்ளி உருவை 40 புள்ளியாகப் பெருக்கி, சில புள்ளி இரண்டாகவும் சில புள்ளி மூன்றாகவும் பருத்து நிற்க, அதனைக் காணாதிருப்பாரும் உளர். 32, 48 என முழுமடங்காய்ப் பெருக்கின் இக்குற்றம் நேராது. இவர்கள் கொண்டது சதுரம் மட்டுமே. சதுரத்தின் ஒழுக்கத்தை இவர்கள் கொள்ளவில்லை.

இக்குற்றம் பிறர்க்கே உரியதென யான் கருதியிருந்தேன். சென்ற விடுமுறையில் நண்பர் இருவரோடு தமிழில் ஒரு சிறு கதை விளையாட்டை ஆக்கப் புகுந்தபோது, எழுத்துக்களை வரையும் பணி என்பால் வந்தது. பழைய ஜப்பானிய விளையாட்டுக்களிற்போல 8-க்கு 8 கட்டத்துள் ஒவ்வோர் எழுத்தையும் அடக்குவேன் என உறுதி பூண்டேன். அவர்களுக்கும் இடர் இருந்தது. ஒலி வேறுபாடு காட்டும் சிறு குறிகள் எழுத்தின் கட்டத்துள் அடங்காமையின், மேலுள்ள கட்டத்தில் அவற்றை இட்டனர். அவ்வழியே நம் மெய்ப்புள்ளியையும் மேற்கட்டத்தில் வைத்தேன். அஃது இனிதே அமைந்தது. ஆனால் மூன்று சுழி ணகரம் எட்டுப் புள்ளி அகலத்துள் அடங்க மறுத்தது. சுழி ஒன்றைக் குறைத்து எழுதினேன். 'மணம்' என்றது 'மனம்' எனத் திரையில் நின்றது. பார்த்த நண்பர் நகைத்தார், யான் நாணினேன். பத்து நாள் பிடிவாதத்தின்பின், அகன்ற எழுத்துக்களுக்கு 16 புள்ளி இடம் அளித்தேன். அன்று முதல் எழுத்தும் தெளிந்தது. பக்கத்து நிற்கும் வீரனும் தன் 16 புள்ளியில் அழகு குன்றாது நின்றான். கதை விளையாட்டு படித்தே ஆடப்படுவது; படிப்போனை இடறச்செய்யும் வரம்பு எனக்கு வடுவேயாம்.

ஆதலின் இக்கலை பயில விரும்பும் மாணவ நண்பர்காள்! நிறங்களைக் குறைத்து எண்ணிக் கொண்மின். ஒவ்வொரு புள்ளியையும் காரணங்கூறி வைம்மின். காரணங்கூற இயலாத புள்ளியை அழித்துவிடுமின். வரம்பு ஒன்று எதிர்ப்படும்போதெல்லாம், 'இதனால் என் உருவம் தெளிகின்றதோ, மங்குகின்றதோ?' என்று வினவுமின். தெளியின் அதனை விடாது பற்றுமின். மங்கின் அஞ்சாது கடந்து செல்மின். முன்னோர் வேறு வழியின்றிக் கொண்ட வரம்பை நாம் விருப்பினாற் கொள்கின்றோம். விரும்பிக் கொண்டார்க்கு அதன் காரணத்தை அறியும் கடனும் உண்டு.