தேதியைப் பார்க்குமுன் கடலைப் பாருங்கள்

தீபாவளி முடிந்ததும் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் நேயர்கள் வானொலிக்கு அழைத்துக் கேட்பார்கள்: "டிசம்பர் விடுமுறைக்குப் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகலாமா?"

வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவமழை. கடல் கொந்தளிக்கும், பெரும்பாலான தங்குவிடுதிகள் மூடியிருக்கும். அப்போது மேற்குக் கரையின் லங்காவிக்குப் போங்கள். பெர்ஹெந்தியானையும் ரெடாங்கையும் ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்ஹெந்தியானில் ஏடிஎம்மை நம்ப முடியாது. கோல பெசுட்டில் படகு ஏறுமுன் ரொக்கம் எடுத்துவிடுங்கள்.

மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். ஒருமுறை எங்கள் பெட்டி அடுத்த படகில்தான் வந்தது. அம்மாவின் சர்க்கரை மாத்திரை அதற்குள். இரண்டு மணி நேரம் அம்மா சாப்பிடாமல் காத்திருந்தார்.

இப்போது அந்த மாத்திரை என் தோள்பையில், தண்ணீர் புகாத உறைக்குள் இருக்கிறது.